பூட்டைத் திறந்த விஞ்ஞானி

சாவியே இல்லாமல் பூட்டோடு விளையாடிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயசிலேயே அக்கம்பக்கத்து ரேடியோக்களை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தவர். 1943-ல் அணுகுண்டு ஆராய்ச்சிக்காக லாஸ் அலமாஸ் போனார். அங்கே பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கப் பழகினார். சின்ன ஸ்குரூ டிரைவரால் லேசாகத் திருப்பிப் பிடித்து, பேப்பர் கிளிப்பால் உள்ளே உள்ள பின்களை ஒவ்வொன்றாகத் தள்ளணும், அவ்வளவுதான்.

ரகசியக் காகிதங்கள் இருந்த பீரோக்களுக்கு நம்பர் பூட்டு. மூன்று நம்பர், ஒவ்வொன்றுக்கும் 100 கோடு. மொத்தம் 10 லட்சம் வழி. ஆனால் இரண்டு கோடு தள்ளி வைத்தாலும் பூட்டு திறப்பதைக் கண்டுபிடித்தார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் என்கிறோமே, அதேதான்! 100-க்குப் பதில் 20 போதும். 10 லட்சம் 8,000 ஆனது. டிராயர் திறந்திருக்கிற நேரத்தில் டயலைத் திருப்பிப் பார்த்தே கடைசி இரண்டு நம்பரைத் தெரிந்து கொள்வார். மீதி 20 முயற்சிதான்.

அவர் எதையும் திருடவில்லை. டிராயரைத் திறந்து போடக் கூடாதென்று ஓக் ரிட்ஜில் ஒரு ராணுவ அதிகாரியை எச்சரித்தார். அதிகாரியோ, ஃபெய்ன்மன் வந்து போன அறைக்காரர்கள் நம்பரை மாற்றணும் என்று உத்தரவு போட்டார்! ஓட்டையை விட்டுவிட்டு, காட்டியவரைச் சந்தேகப்பட்டார்கள்.

1965-ல் நோபல் பரிசு பெற்றார். 1986-ல் சேலஞ்சர் விபத்து விசாரணையில் ரப்பர் வளையத்தை ஐஸ் தண்ணீரில் போட்டுக் குறையைக் காட்டியவரும் இவரே. 1988-ல் மறைந்தார்.

டிரில்லிங் மெஷினில் பெல்ட் கார்டு ஆடுவதைப் பார்த்தும், நான்தான் உடைத்தேன் என்பார்களோ என்று வாய் திறக்காமல் இருந்தேன். இவர் கதையைப் படித்த மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன்.