ரெம்பிராண்ட்: ஆற்றங்கரையில் நடந்து நடந்து வரைந்தவர்!

ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்களின் முகங்களை வரைந்து பெரிய பெயர் வாங்கியவர் ரெம்பிராண்ட். 1642-ல் மனைவி சாஸ்கியா இறந்தபோது, மகன் டைட்டஸுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டுகளில்தான் அவர் நகரத்தைத் தாண்டி அடிக்கடி நடந்தார். ஆம்ஸ்டல் ஆறு, கரைமேட்டுப் பாதை, காற்றாலை, ஓலைக்கூரை வீடு என கண்ணில் பட்டதையெல்லாம் பேனாவும் மையுமாக வரைந்தார். ஆற்றோரத்தில் இருந்த ‘ஓம்வால்’ என்ற இடத்தை 1645-ல் செப்புத் தகட்டிலும் செதுக்கினார்.

1656-ல் கடன் கழுத்தை நெரிக்க, திவாலானார். வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்தபோது இந்த ஸ்கெட்ச் ஆல்பங்களும் பட்டியலில் ஏறின; அவரது ஓவியச் சேகரிப்பு ஏலத்துக்குப் போனது. 1669-ல் இறந்த ரெம்பிராண்ட் டைரி எதையும் விட்டுப்போகவில்லை. அவர் எந்த வழியில் நடந்தார், எங்கே நின்றார் என்பதை இன்று சொல்வது கைமாறிப்போன அந்தத் தாள்கள்தான்.