வெப்பத்தைக் கூட்டிப் பார்த்த மருத்துவர்

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் இரசாயனம் எடுக்கும் மாணவர் யாரும் ஹெஸ் விதியிலிருந்து தப்ப முடியாது. சமன்பாட்டைத் திருப்பு, குறியை மாற்று, கூட்டு என்று மனனம் செய்துகொண்டு தேர்வு மண்டபத்துக்குள் நுழைகிறோம். ஆனால் அந்த ஹெஸ் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான் விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணி திரும்பும்போதெல்லாம், அக்கம்பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஹெஸ்ஸின் கதையை முதலில் சொல்லிவிட்டால், கணக்கு பாதி புரிந்துவிடுகிறது. அந்தக் கதையை இங்கே பகிர்கிறேன்.

ஜெர்மேன் ஹென்றி ஹெஸ் 1802ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஓவியர். 1805இல், ஹெஸ்ஸுக்கு மூன்று வயது இருக்கும்போது, பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பணக்கார வீட்டில் தந்தைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலை. வீட்டுக்குள் பிரெஞ்சும் ஜெர்மனும். வெளியே ரஷ்ய மொழி. ரஷ்ய எழுத்து வழக்கில் அவருடைய பெயரே கெர்மன் இவானோவிச் கெஸ் என்று மாறிப்போனது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பாடநூலில் ஆங்கிலம் என்று வளரும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஹெஸ் முதலில் படித்தது இரசாயனம் அல்ல, மருத்துவம். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என்று அழைக்கப்படும் தோர்ப்பாத் நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1825இல் மருத்துவர் பட்டம் பெற்றார். ஆனால் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, ரஷ்ய ஊற்றுநீர்களில் என்னென்ன கலந்திருக்கின்றன, அவை நோயைக் குணப்படுத்துமா என்பது. மருத்துவத்துக்குள்ளேயே இரசாயனம் அவரை இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு சுவீடனுக்குப் போய், தனிமங்களுக்கு நாம் இன்றும் எழுதும் எழுத்துக் குறியீடுகளை உருவாக்கிய பெர்சீலியஸைச் சந்தித்தார். அங்கிருந்து திரும்பியதும் உரால் மலைப் பகுதிக்கும், அதன்பின் சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகருக்கும் சென்றார். கடுங்குளிர் ஊரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே கனிமங்களையும் நீர்நிலைகளையும் ஆராய்ந்தார். 1830இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்த பிறகுதான் முழுநேர இரசாயன ஆய்வாளர் ஆனார். அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். கல்விக் கழகங்களில் பாடமும் நடத்தினார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்திய சோதனையில் இருந்த பொருள்கள் கெடாவின் தோட்டப்புறத்துக்கு அந்நியமானவை அல்ல. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அம்மோனியாவின் நெடி தெரியும். எடுத்த பால் உறையாமலிருக்க அதைச் சேர்ப்பார்கள். உறைய வைக்க வேண்டுமானால் ஃபார்மிக் அமிலம். ஹெஸ் எடுத்துக்கொண்டது கந்தக அமிலமும் அம்மோனியாவும்.

அடர்ந்த கந்தக அமிலம் தண்ணீரில் கலக்கும்போது சூடாகும். அந்தக் கரைசலை அம்மோனியாவோடு சேர்த்தால் மறுபடியும் சூடாகும். ஹெஸ் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்த அமிலங்களை எடுத்து, ஒவ்வொரு படியிலும் வெளியேறிய வெப்பத்தைத் தனித்தனியாக அளந்தார். முதல் படியில் அதிக வெப்பம் வந்திருந்தால், இரண்டாம் படியில் அந்த அளவு குறைவாக வந்தது. முதல் படியில் குறைவாக வந்திருந்தால், மீதி இரண்டாம் படியில் வந்தது. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரே எண். இதைத்தான் 1840இல் விதியாக வெளியிட்டார். ஒரு மாற்றம் ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பமும் ஒன்றே.

இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் என்று பலர் நம்பிய காலம் அது. ஆற்றல் அழியாது என்ற கருத்தை ராபர்ட் மேயர் வெளியிட்டது 1842இல்; ஜூலின் புகழ்பெற்ற சோதனைகள் அதையடுத்து வந்தவை. என்தால்பி என்ற சொல் வழக்கில் இல்லை. அளந்து, எழுதி, கூட்டிப் பார்த்தே ஹெஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆற்றல் அழியாமை பின்னர் நிலைபெற்றபோது, அவருடைய விதி அதற்குள் இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

இதனால் நமக்கு என்ன பயன்? அளக்க முடியாததைக் கணக்கிட முடிகிறது. கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும்போது வெளியேறும் வெப்பத்தை நேரடியாக அளப்பது கடினம். அந்த இடத்தில் எரிதலைச் சரியாக நிறுத்த முடியாது. கொஞ்சம் கார்பன் டைஆக்சைடும் உருவாகிவிடும். ஆனால் ஒரு மோல் கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆனால் 393.5 கிலோஜூல் வெளியேறும் என்பதை அளக்கலாம். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆனால் 283.0 கிலோஜூல் வெளியேறும் என்பதையும் அளக்கலாம். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் 110.5 கிலோஜூல். நாம் தேடிய விடை அதுதான். சமன்பாட்டைத் திருப்பிக் குறியை மாற்றுவது வெறும் தேர்வு உத்தி அல்ல; வந்த வழியே திரும்பிப் போவது என்று அதற்குப் பொருள்.

படிவம் 5 மாணவர்களுக்கும் இது உதவும். வன்மையான அமிலமும் வன்மையான காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது சுமார் 57 கிலோஜூல் வெளியேறுகிறது. வினிகரில் உள்ள எத்தனோயிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் அது சுமார் 55 ஆகக் குறைகிறது. ஏன்? மென் அமிலத்தின் மூலக்கூறுகள் முதலில் அயனிகளாகப் பிரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. இரண்டு படிகளைக் கூட்டிப் பார்த்தால் மீதிக் கணக்கு தானாகவே வந்துவிடும். மனனம் தேவையில்லை.

ஹெஸ்ஸின் மற்றொரு சாதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1831இல் அவர் ரஷ்ய மொழியில் ஓர் இரசாயனப் பாடநூல் எழுதினார். 1849 வரை ஏழு பதிப்புகள் வந்த அந்த நூல் பல ஆண்டுகள் ரஷ்ய மாணவர்களின் முக்கியப் பாடநூலாக இருந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் அறிந்த ஒருவர், அந்த மொழிகளிலேயே எழுதிவிட்டு இருந்திருக்கலாம். அவர் தம் மாணவர்களின் மொழியிலும் எழுதினார். அவரிடம் படித்த வஸ்கரசென்ஸ்கி பிறகு ஆசிரியரானார். அந்த ஆசிரியரிடம் படித்தவர்தான் தனிம அட்டவணையைத் தந்த மெண்டலீவ்.

உடல்நலம் குன்றியதால் 1848இல் ஹெஸ் பணியிலிருந்து விலகினார். 1850இல் 48 வயதில் காலமானார். அதன்பின் அவருடைய வெப்ப ஆய்வுகள் நீண்ட காலம் உரிய கவனம் பெறவில்லை. 1890இல் அவற்றை மீண்டும் பதிப்பித்து உலகுக்கு நினைவூட்டியவர், பின்னர் நோபல் பரிசு பெற்ற ஓஸ்ட்வால்ட். அவரும் அதே தோர்ப்பாத் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

எந்த வழியில் போனாலும் மொத்தம் ஒன்றே என்பது வெப்பத்துக்குச் சரி. மனிதருக்கு அது பொருந்தாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழித்து, மலாயில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் மறுமுறையும் அதே சொற்களைக் கற்று இரசாயன வகுப்புக்கு வந்து சேருகிறார்கள். அதே வகுப்புக்கு நேர்வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள். இருவர் கையிலும் ஒரே மதிப்பெண் தாள் இருக்கலாம். செலவான உழைப்பு ஒன்றல்ல. மொழி தடுக்கியதை அறிவுக் குறைவென்று எண்ணி, அறிவியல் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கும் தம்பி தங்கைகளை பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் பார்க்கிறேன். நாம் கவலைப்பட வேண்டிய இழப்பு இதுதான்.

அந்த வழியைக் கொஞ்சம் சுருக்க நம்மால் முடியும். கணக்கைத் தொடுவதற்கு முன், எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பதைத் தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே உங்களுக்குத் தெரிந்த படிகளை எழுதுங்கள். எந்தப் படியைத் திருப்ப வேண்டும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். பிறகு தேர்வு எந்த மொழியிலோ அந்த மொழியில் விடையை எழுதலாம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது, பக்கத்து வீட்டு மாணவர் ஒருவருக்காவது இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.