அமைதிப் பள்ளத்தாக்கைக் கணக்கெடுத்த அம்மையார்

தாம்பரத்திலிருந்து புறவழிச்சாலையில் வடக்கே சென்றால் மதுரவாயல் வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் கள ஆய்வகம் அங்கு இருந்தது. எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் அந்த ஆய்வகத்தில் கடைசி வரை உழைத்தார். அவர்தாம் தாவரவியல் உலகம் போற்றும் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள். கரும்பைப் பற்றியும் கத்தரியைப் பற்றியும் அவர் செய்த ஆராய்ச்சிகளைப் பலர் எழுதியுள்ளனர். முதுமையில் ஒரு காட்டுக்காக அவர் செய்த பணியே என்னை அதிகம் கவர்ந்தது.

1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், தலச்சேரி என்னும் கடற்கரை ஊரில் ஜானகி பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதி. வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைத்து, வட மலபாரின் பறவைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வந்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர். ஜானகியும் நம்மைப் போல் கான்வென்டில் படித்தவரே! தலச்சேரி திரு இருதய கான்வென்டில் பள்ளிப் படிப்பு. பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரி. மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றுப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

உடன்பிறந்த பெண்கள் மணமுடித்துச் சென்றனர். ஜானகிக்கும் உறவில் திருமணம் பேசி வந்தனர். அவரோ ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்து வைத்தனராம். பட்டுப் புடவையையும் நீண்ட கூந்தலையும் கண்டு இந்திய இளவரசி என எண்ணி விட்டுவிட்டார்கள் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அமெரிக்காவில் தாவரவியலில் இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே என்பர்.

நாடு திரும்பித் திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். தனித்து வாழும் பெண் என்பதாலும் சாதியாலும் அங்கே அவருக்கு இடர்கள் நேர்ந்தன. பிறகு இங்கிலாந்து சென்றார். போர்க்காலம், இலண்டனில் குண்டுகள் விழுந்தபோது கட்டிலுக்கு அடியில் பதுங்குவாராம், காலையில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி ஆராய்ச்சிதானாம். டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் பெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் பணியாற்றினார். நம் சண்பகத்துக்கு உறவான மாக்னோலியாவில் ஒரு வகைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஒரு சுவையான செய்தி: நம் ஊர் அணில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார்!

1951இல் பிரதமர் நேரு அழைத்ததன்பேரில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுச் செடிகளை நாமே நம் நாட்டில் வைத்து ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1954இல் அத்துறையின் தலைமை சேசு சபைக் குரு அருட்தந்தை சந்தப்பாவிடம் சென்றது. தந்தையும் பெரும் அறிஞரே. எனினும் ஆய்வு நடத்தும் முறையில் இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை.

அந்நாளில் அதிக உணவு விளைவிக்கும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. தானியத்திற்காகக் காட்டு நிலங்கள் உழவுக்கு வந்தன. அரிய மாக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்ற ஜானகி அம்மாள், அது எரிக்கப்பட்டுவிட்டதைக் கண்டார். அப்பகுதியில் இருந்தது அந்த ஒரே மரம்தான். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்று ஆராய அறிஞர்கள் கூடினர். அழைக்கப்பட்டவர்களில் பெண் இவர் ஒருவரே. மலைவாழ் மக்களின் வேளாண்மையையும் பயிர்களைக் காத்துவரும் பெண்களின் அறிவையும் பற்றி அங்கே உரைத்தார்.

1970இல் சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில்தான் அமைதிப் பள்ளத்தாக்குப் பிரச்சினை எழுந்தது. பாலக்காடு மாவட்டத்தில், நம் நீலகிரியின் மேற்குச் சரிவில் உள்ள மழைக்காடு அது. குந்திப்புழை ஆற்றில் அணைகட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் அனுமதி கிடைத்தது. அணை எழுந்தால் சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும். காட்டில் அது சிறு பகுதிதானே என்றனர் திட்டத்தை விரும்பியவர்கள். மலபார் மக்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டதும் உண்மையே. ஆனால் மூழ்கவிருந்தது ஓரத்து நிலமன்று, ஆற்றங்கரைக் காடு. சாலையும் கல் உடைப்பும் விறகு வெட்டும் அணையோடு சேர்ந்தே வரும். சிங்கவால் குரங்கு பெரும்பாலும் தரையில் இறங்காது. மரக்கிளைகளின் வழியே செல்லும். நடுவே காடு அறுபட்டால் ஒரு கரையின் கூட்டம் மறு கரைக்குப் போக இயலாது. அதன் உணவான வெடிப்பலா மரமும் குறையும்.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கவிஞர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் குரல் கொடுத்தனர். ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்றார், அதோடு நிற்கவில்லை. அப்பள்ளத்தாக்கின் மரஞ்செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். அப்போது வயது எண்பது! இளம் பூமொட்டில் செல்கள் பிரியும் தறுவாயில்தான் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும். எனவே மொட்டை உரிய பருவத்தில் பறிக்க வேண்டும், சாயமேற்ற வேண்டும், நசுக்கி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். எண்ணிக்கையும் வடிவமும் தெரிந்தால், ஒரு செடி எதற்கு உறவு, எங்கிருந்து வந்தது என்று கூறலாம். அழியப்போவது எது என்று சொல்லாமல் இழப்பை எப்படி மதிப்பிடுவது?

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தாம்பரம் கிறித்துவக் கல்லூரி 1937இல் இங்கு வந்தது. அதன் வளாகத்தின் புதர்க்காட்டில் இன்றும் மான்கள் உள்ளன. பள்ளிக்கரணையிலோ வீடுகளும் சாலைகளும் பெருங்குடிக் குப்பைமேடும் சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டன. ஆண்டுதோறும் பறவைகளை எண்ணிப் பட்டியலிட்டவர்களின் குறிப்பேடுகள் இல்லாதிருந்தால், அதை வெறும் புறம்போக்கு என்றே கருதியிருப்பார்கள். 2007இல் அதில் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று; 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக ஏற்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை நம் பெற்றோர் மறக்கவில்லை. நீர் தங்கும் இடங்களை அடைத்துக்கொண்டு வந்ததும் அத்துன்பத்துக்கு ஒரு காரணம்.

ஜானகி அம்மாளுக்கு 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எளிய வாழ்க்கை, பூனைகளிடம் மிகுந்த பிரியம். 1983இல் மத்திய அரசு அணைத் திட்டத்தைக் கைவிடச் செய்தது. 1984 பிப்ரவரியில், தம் 86ஆம் வயதில் அம்மையார் காலமானார். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குந்திப்புழை இன்றும் அணையின்றி அக்காட்டின் நடுவே ஓடுகிறது.