அயோ நிலவின் தாமதமும் ஓலே ரோமரும்

மஃரிபுக்காக மேற்கே பார்க்கும்போது நம் கண்ணில் படும் சூரியன் எட்டு நிமிடங்களுக்கு முந்தையது. ஒளி வந்துசேர அவ்வளவு நேரம் ஆகிறது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தச் செய்தியை 1676ல் கணக்கோடு சொன்னவர், தன் ஆய்வகத்தின் மூத்தவரையே எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு அப்போது வயது 32.

ஓலே ரோமர் 1644ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பிறந்தார். கோபன்ஹேகனில் பேராசிரியர் ராஸ்முஸ் பார்தோலினின் வீட்டில் தங்கிப் படித்தார்; பின்னாளில் ஆசிரியரின் மகளையே மணந்தார். 1671ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் பிக்கார், வென் தீவில் டைகோ பிராகேயின் பழைய ஆய்வுக்கூடம் இருந்த இடத்துக்கு வந்தார். ரோமர் அவருக்கு உதவினார். திரும்பும்போது பிக்கார் அந்த இளைஞரைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார்.

பாரிஸ் வானாய்வகத்தில் காசினி வைத்ததுதான் சட்டம். வியாழனைச் சுற்றும் அயோ என்ற நிலவை அங்கே விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை அது வியாழனின் நிழலுக்குள் போய் வெளிவரும். ஒரே மறைவை இரண்டு ஊர்களில் பார்த்து உள்ளூர் நேரங்களை ஒப்பிட்டால், அவ்வூர்களின் தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்துவிடும். வரைபடம் போடுவோருக்கு அது வானத்தில் தொங்கிய கடிகாரம்.

ஆனால் அந்தக் கடிகாரம் சீராக ஓடவில்லை. பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோ மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிந்தது. நெருங்கும் மாதங்களில் வேகமாக. ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 15 வினாடிதான் வித்தியாசம். பல சுற்றுகள் சேர்ந்தால் நிமிடக்கணக்காகிவிடும்.

சஃபரில் இருக்கும் ஒருவருக்கு வீட்டிலிருந்து வெள்ளிதோறும் கடிதம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் தூரமாகப் போகப் போக, கடிதங்கள் எட்டு நாளுக்கு ஒன்றாகக் கைக்கு வரும். ஊர் திரும்பும் வழியிலோ ஆறு நாளுக்கு ஒன்று. வீட்டில் யாரும் வெள்ளிக்கிழமையை மாற்றவில்லை. அயோவும் தன் நடையை மாற்றவில்லை, அதன் ஒளி கடக்கவேண்டிய தூரம்தான் கூடிக் குறைகிறது என்றார் ரோமர். இதே கணக்கால், நம்மை நோக்கி ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் பொருள் ஒளியையே மிஞ்சுவதுபோல் தோன்றும். எம்87 விண்மீன் மண்டலத்திலிருந்து பீறிடும் தாரையின் சில பகுதிகள் ஒளியைவிட ஆறு மடங்கு வேகமாகத் தெரிவதை ஹப்பிள் தொலைநோக்கி பதிவு செய்திருக்கிறது. உண்மையில் அவை ஒளியை முந்தவில்லை.

ஒளிக்கு வேகம் உண்டு என்ற எண்ணம் புதிதல்ல. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், ஒளி செல்ல நேரம் பிடிக்கும் என்று ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டிருந்தார். எனினும் கெப்ளர், டெகார்ட் போன்ற பெரியவர்கள் ஒளி நொடியும் இல்லாமல் எங்கும் பரவும் என்றே கருதினர். காசினிகூட 1676 ஆகஸ்டில் இந்த விளக்கத்தைத் தாமே முன்வைத்துவிட்டு, பிறகு கைவிட்டார். ரோமர் கைவிடவில்லை. நவம்பர் 9 அன்று அயோ நிழலிலிருந்து வெளிவருவது பத்து நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று செப்டம்பரிலேயே அறிவித்தார். பிசகினால் அவர் பெயர் அதோடு போயிருக்கும். அன்று அயோ சொன்னபடியே தாமதமாக வந்தது.

பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு; சரியான அளவு சுமார் 16½ நிமிடம். வினாடிக்கு இத்தனை தூரம் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கணக்கிட்டவர் ஹைகன்ஸ். காசினி அப்போதும் ஒப்பவில்லை.

1681ல் ரோமர் தாயகம் திரும்பினார். பேராசிரியரானார், நாட்டின் எடை, அளவுகளை ஒழுங்குபடுத்தினார், 1700ல் நாள்காட்டியைத் திருத்தினார். கோபன்ஹேகன் காவல்துறைக்குத் தலைவராகித் தெருக்களுக்கு எண்ணெய் விளக்கும் ஏற்றினார். ஒளியை ஆராய்ந்தவருக்குப் பொருத்தமான வேலைதான்! 1710ல் காலமானார்.

1728ல் கோபன்ஹேகனில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வானியல் குறிப்புகள் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயின. 1706 அக்டோபரில் அவர் எழுதிய மூன்று இரவுகளின் குறிப்பு மட்டும் தப்பியது. தீ நடந்த மறு ஆண்டு, 1729ல், இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிராட்லி விண்மீன்களின் சிறு இடமாற்றத்தைக் கொண்டு வேறொரு வழியில் ஒளியின் வேகத்தை நிரூபித்தார்.