பிறந்த ஆண்டின் செப்புக்காசு

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது எவ்வாறு என்று ஆராய்வது மொழியியலார் பணி. ஆயினும் ஜோசப் மிக்லி என்னும் அமெரிக்கப் பெருமகனாரின் வாழ்க்கையைப் படிக்குந்தோறும் இச்சொல்லின் இரு முகங்களும் என் நினைவில் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. காசு திரட்டுவோரின் தந்தை என்று அந்நாட்டார் அவரைப் போற்றுவர். அவர் திரட்டியதோ செல்வத்தை அன்று, செல்லாக் காசுகளை!

மிக்லி 1799 மார்ச் 24 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். முன்னோர் பிரெஞ்சு வழியினர். அதே ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் மறைந்தார். அமெரிக்க ஒன்றியம் தனக்கென நாணயச்சாலை அமைத்துக்கொள்ளச் சட்டம் இயற்றியது 1792 ஏப்ரல் 2 அன்றுதான். எனவே அந்நாட்டு நாணயமும் மிக்லியும் ஏறக்குறைய ஒரே தொட்டில் காலத்தவர் எனலாம்.

அத்தொட்டில் காலத்துக் காசுகளைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இல்லையேல் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் அவற்றிடம் ஏன் பறிகொடுத்தார் என்பது விளங்காது. பிலடெல்பியா நகரின் நாணயச்சாலை 1793இல் முதன்முதலாகச் செப்புச் சென்ட்டுகளை வெளியிட்டது. ஒரு புறத்தில் கூந்தல் அலையும் சுதந்திரத் தேவியின் தலை. மறுபுறத்தில் பதினைந்து மாநிலங்களைக் குறிக்கும் பதினைந்து கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒற்றுமையைக் காட்டவே சங்கிலி பொறித்தனர். மக்களோ, விடுதலை பெற்ற நாட்டுக்கு விலங்கா அடையாளம் என்று முகம் சுளித்தனர். 36,103 காசுகளோடு அவ்வடிவம் கைவிடப்பட்டது. அடுத்து மாலை வந்தது. அதற்கடுத்து விடுதலைத் தொப்பி வந்தது. ஓராண்டுக்குள் மூன்று கோலங்கள்! புதிய நாடு கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தேடிய காலம் அது.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் முத்திரை அச்சுகளை எஃகில் வெட்டியவர்கள் பெரும்பாலும் கையாலேயே வெட்டினர். எஃகு விரைவில் விரிசல் கண்டது. உடனே புதிய அச்சு வெட்ட வேண்டியதாயிற்று. ஓர் அச்சில் கூந்தலின் ஒரு சுருள் மிகும். மற்றோர் அச்சில் இலையொன்று குறையும். எழுத்துகள் நெருங்கும் அல்லது விலகும். 1794ஆம் ஆண்டுச் சென்ட்டில் மட்டும் ஏறத்தாழ அறுபது வேறுபாடுகளைப் பிற்காலத்தார் எண்ணிக் காட்டியுள்ளனர். ஓலைச்சுவடியில் பாடவேறுபாடு காணும் தமிழாசிரியர்க்கு இதனைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. படி எடுத்தவன் கை நடுங்கிய இடம் சுவடியில் தெரிவது போல, அச்சு வெட்டியவன் கை ஓடிய தடம் அச்செம்பில் தெரிகிறது. இயந்திரம் செம்மையுற்ற பின்னர் வந்த காசுகளில் அத்தடம் இல்லை. மேலும் அந்நகரை மஞ்சள் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்க, நாணயச்சாலையே மூடிக்கிடந்த மாதங்கள் உண்டு. அச்சு வெட்டிய ஜோசப் ரைட் என்னும் கலைஞர் 1793இல் அந்நோய்க்கே இரையானார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு செப்பு வட்டத்துள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

பதினேழாம் வயதில் மிக்லிக்கு ஓர் எளிய ஆசை தோன்றியது. தாம் பிறந்த 1799ஆம் ஆண்டு பொறித்த சென்ட் ஒன்று வேண்டும் என்பதே அது. கடைவீதியிலேயே கிடைக்கும் என்று எண்ணினார். முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் காசுகள் தாராளமாகக் கிடைத்தன. தம் ஆண்டுக் காசு மட்டும் எளிதில் அகப்படவில்லை. காரணம் சுவையானது. அவ்வாண்டில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சென்ட்டுகள் அடிக்கப்பட்டதாகக் கணக்கு உள்ளது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை 1798 என்னும் ஆண்டெண் கொண்ட பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டவை என்று கருதுகின்றனர். வெட்டிய அச்சு தேயும்வரை பயன்படுத்துவது அக்காலச் சிக்கனம். அச்சிக்கனம் ஓர் இளைஞனைக் காலமெல்லாம் தேடலில் ஆழ்த்திவிட்டது.

தொழிலால் மிக்லி பியானோ செய்பவர். பிலடெல்பியாவில் பட்டறை வைத்தார்; வயலின் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்றார். நார்வே நாட்டு வயலின் மேதை ஓலே புல் தம் கருவியை அவரிடம் ஒப்படைத்தார் என்றால் அவரது கைத்திறத்திற்கு வேறு சான்று வேண்டா. பெருஞ்செல்வர் அல்லர். 1827இல் நாணயச்சாலைக்குச் சென்று ஒரு டாலர் கொடுத்து அவ்வாண்டின் கால் டாலர்கள் நான்கினைப் பெற்று வந்தார் என்பர். இன்று அவை அமெரிக்காவின் அரிய காசுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவர் இல்லத்தில் மாலை வேளைகளில் இசைவாணரும் காசு விரும்பிகளும் கூடினர். யாவர்க்கும் கதவு திறந்தே இருந்தது. தம்மிடம் இருந்ததை மறைக்க அவர் அறியார்.

1857இல் பழைய பெரிய சென்ட் நிறுத்தப்பட்டுச் சிறிய சென்ட் வந்தது. கையில் புழங்கியபோது பொருட்படுத்தாத மக்கள், மறையப் போகிறது என்றதும் தேடத் தொடங்கினர். மனித இயல்பு அதுதானே! மறு ஆண்டே பிலடெல்பியாவில் நாணயவியல் கழகம் தோன்றிற்று. மிக்லி அதன் தலைவராகவும் விளங்கினார்.

அவர் சேர்த்தவற்றுள் புகழ் மிக்கது 1804 எனப் பொறித்த வெள்ளி டாலர். அது உண்மையில் அவ்வாண்டில் அடிக்கப்பட்டதன்று. கீழை நாட்டு மன்னர்க்குப் பரிசளிக்கவென 1834ஆம் ஆண்டளவில் பழைய ஆண்டெண் இட்டு அடித்தவற்றுள் ஒன்று. அவ்வகை டாலர் அடங்கிய நாணயப் பேழை ஒன்றினை அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1835இல் மஸ்கட் சுல்தான் சையித் சயீத் அவர்களுக்கு வழங்கினார். அக்டோபர் முதல் நாளில் அரபிக் கடலோரத்தில் கைமாறிய அப்பரிசின் உடன்பிறப்பொன்று பியானோ பட்டறைக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது என்பது நினைக்க நினைக்க வியப்பூட்டுகிறது.

திறந்த கதவு வழியே 1867 ஏப்ரல் 13 அன்று கள்வனும் வந்தான். அயல்நாட்டுக் காசுகளை மிக்லி பழைய பியானோப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். ஏறத்தாழ 16,000 டாலர் மதிப்புள்ளவை களவு போயின. அமெரிக்கக் காசுகள் தப்பின. தப்பியவற்றைக் கண்டு வேறொருவர் ஆறுதல் கொண்டிருப்பார். மிக்லிக்கோ அவற்றை வீட்டில் வைத்திருக்கவே மனம் இல்லாமற் போயிற்று. ஐம்பது ஆண்டுச் சேமிப்பை எலியட் வுட்வர்டு என்னும் வணிகர்க்கு விற்றுவிட்டார். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நியூயார்க்கில் ஏலம் நிகழ்ந்தது. 1804 டாலர் 750 டாலருக்குப் போயிற்று. அதே காசு 2013இல் 38 இலட்சம் டாலருக்கும் மேல் விலை பெற்றது! இத்தொகையைக் கேட்டு மாணவர்கள் மலைப்பர். எனக்கோ இதனினும் அந்தக் காலியான பியானோப் பெட்டியே கண்முன் நிற்கிறது.

காசுகளைத் துறந்த பின்னர் எழுபதாம் வயதில் ஐரோப்பா புறப்பட்டார். மூன்றாண்டுகள் பல நாடுகளைக் கண்டார். அமெரிக்கக் குடியேற்றத் தொடக்கக் காலத்தோடு தொடர்புடைய ஐரோப்பியர் இருவரைப்பற்றி அவர் ஆராய்ந்து எழுதியதை 1881இல் டெலவேர் வரலாற்றுக் கழகம் நூலாக்கிற்று. அதனைக் காண அவர் இல்லை. 1878 பிப்ரவரியில் காலமானார்.

இங்கே ஒன்றை மறைத்தால் வரலாறு ஆகாது. அவர் விட்டுச் சென்ற பொருள்களை அவ்வாண்டே ஏலமிட முனைந்தபோது, அவற்றுள் அரசின் பழைய நாணய அச்சுகள் சில இருந்தன. கூட்டாட்சி அதிகாரிகள் வந்து கைப்பற்றினர். அத்தகைய பழைய அச்சு கொண்டு பின்னாளில் அடிக்கப்பட்ட 1811ஆம் ஆண்டு அரைச் சென்ட்டுகள் இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இதனை வைத்து அவர் நாணயத்தை ஐயுறுவோர் உளர். யான் அவர்களோடு உடன்படேன். கழிந்த அச்சுகளைப் பழைய இரும்பு என்று விற்றது நாணயச்சாலையே. தனக்கு வேண்டியவர்க்கென 1850களின் இறுதியில் பழைய காசுகளைப் புதிதாக அடித்துக் கொடுத்தவர்களும் அதன் அலுவலரே. ஆயினும், ஆண்டெண் பொறித்த ஒரு பொருளின்மீது கொண்ட காதல், அப்பொருளைப் பிறப்பிக்கும் கருவியையும் வீட்டுக்குக் கொண்டுவரத் தூண்டிற்று என்பது மெய். அதிகாரிகள் வந்து நின்றபோது, விளக்கம் தருவதற்கு அவர் உயிருடன் இல்லை.