கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஆசார்யன்

ஓர் ஆசார்யன் எந்த க்ரந்தத்தைத் தம் வாழ்நாட்பணியாகக் கொள்கிறாரோ, அதுவே அவருடைய திருவுள்ளத்தை நமக்குக் காட்டிவிடும். இதற்கு மணவாள மாமுனிகளைக் காட்டிலும் தெளிவான உதாரணம் அடியேனுக்குத் தோன்றவில்லை. உபய வேதாந்தங்களிலும் வல்லவரான அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டது ஈடு முப்பத்தாறாயிரப்படி. நம்பிள்ளை பகலில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்ய, அதைக் கேட்டிருந்த வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்த ஏடு அது. கேட்டவர் ஒருவருடைய நூல்.

மாமுனிகள் 1370-ஆம் ஆண்டு, ஐப்பசித் திருமூலத்தில், ஆழ்வார்திருநகரியில் அவதரித்தார். அழகிய மணவாளன் என்பது இயற்பெயர். தம் திருத்தகப்பனாரிடம் தொடக்கக் கல்வி பெற்றபின் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தார். இந்த ஆசார்யனைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அவர் மதுரையில் அரசுப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்தவர்; அதைத் துறந்து வந்து, காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப்பண்ணியவர். திருவாய்மொழியன்றி வேறொன்றில் ருசியில்லாதவர் என்பதால்தான் அந்தத் திருநாமமே அவருக்கு வாய்த்தது.

ஈடு அவரிடம் வந்து சேர்ந்த வழியும் எளிதானதன்று. நம்பிள்ளை அந்த ஏட்டை ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் ஒப்படைக்க, அது பெரும்பாலும் ஓராண் வழியாகவே வந்தது. இதற்கிடையில் 1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளாயிற்று, கோஷ்டிகள் சிதறின. பின்னர் நாலூராச்சான் பிள்ளையிடம் திருநாராயணபுரத்தில் ஈடு கேட்ட மூவருள் ஒருவர் திருவாய்மொழிப் பிள்ளை. அந்த மெல்லிய இழை அறுந்திருந்தால் இன்று நம் கையில் என்ன இருந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அந்திம தசையில் இந்தக் கவலையே திருவாய்மொழிப் பிள்ளைக்கும் இருந்தது. ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, அதன்பின் அருளிச்செயல்களையே வாழ்வாகக் கொண்டு திருவரங்கத்தில் இருக்கும்படி சிஷ்யரை நியமித்தார். மாமுனிகள் அந்த நியமனத்தைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினார். காஞ்சியில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டபோது, அவருடைய ஞானத்தைக் கண்டு நாயனாரே வியந்தார். அத்தகைய வித்வத்தைக் கொண்டு வாதப்போர் நடத்திப் பெயர் பெற்றிருக்கலாம். அவர் அதை நாடவில்லை.

நாடியது வேறு. ஈட்டில் ஆசார்யர்கள் எடுத்தாண்ட பிரமாணங்கள் எந்தெந்த நூலில் உள்ளவை என்று தேடித் தொகுத்தார். வங்கியில் கணக்கேடுகளோடு காலம் கழித்த அடியேனுக்கு இந்த ப்ரமாணத் திரட்டைக் காணும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: உரிய வவுச்சர் இல்லாத பதிவை ஒப்புக்கொள்ளாத கை இது. புதிதாக ஒரு வ்யாக்யானம் எழுதிவிடுவதைவிட இது கடினமானது, புகழும் குறைவு.

பெரியாழ்வார் திருமொழியின் வரலாறு இதனினும் வியப்பானது. அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்குரிய பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் எழுதினார். பிள்ளையின் ஏடு எங்கே மீண்டும் தொடங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொண்டார். எஞ்சியவற்றையும் எழுதி முழு நூலாகத் தம் பெயரில் வைக்க எவருக்கும் ஆசை வந்திருக்கும், தடுப்பாரும் இல்லை.

ஆசார்ய ஹ்ருதயத்தில் ஐயம் எழுந்தபோதும் அப்படியே. தாமே பலருக்கு ஆசார்யனாக இருந்த நிலையிலும், அதைத் தெளிந்துகொள்ளத் திருநாராயணபுரத்து ஆயைத் தேடிப் புறப்பட்டார். ஆயும் அவரை நோக்கியே வந்துகொண்டிருந்ததால் ஆழ்வார்திருநகரியின் எல்லையிலேயே இருவரும் சந்தித்தனர். அங்கேயே ஆயிடம் மாணவராக அமர்ந்து கேட்டார்.

திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே நடந்த ஈட்டுக் காலக்ஷேபத்தை நம் வாசகர்கள் நன்கு அறிவர். ஆவணியில் தொடங்கி 1433-ஆம் ஆண்டு ஆனித் திருமூலத்தில் சாற்றுமுறை ஆயிற்று. அதுவரை பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துக் கேட்டருளினான் என்பர். சாற்றுமுறையன்று சிறுபிள்ளையாக வந்து தனியன் ஸமர்ப்பித்தவனும் அவனே என்பது பெரியோர் நிர்வாஹம். அந்தத் தனியன் மாமுனிகளை முதலில் திருவாய்மொழிப் பிள்ளையின் தயைக்குப் பாத்திரமானவராகவே அறிமுகப்படுத்துகிறது. ஆசார்யனாக வீற்றிருந்தவரைச் சிஷ்யராகச் சொல்லிப் புகழ்வது! அவருக்கு இதைவிட உகப்பான புகழ் வேறொன்று இருந்திராது.

ஆயிடம் கேட்ட ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வ்யாக்யானம் எழுதியது கடைசிக் காலத்தில். உட்கார முடியாத நோவிலும் படுத்தபடியே எழுதினார். இவ்வளவு வருந்தி எழுதவேண்டுமா என்று சிஷ்யர்கள் கேட்டபோது, இது தமக்காக அன்று, அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் பேரன்மாருக்காகவும் என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.