நூதனசாலை வாசலில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் சுற்றுலாச் செல்லும் பேருந்துகள் பெருகிவிடும். மிருகக்காட்சிச்சாலைக்கும் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் நேரம் ஒதுக்கிய பின்னர் எஞ்சும் அரை மணித்தியாலமே பெரும்பாலும் நூதனசாலைக்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே சென்று வரிசையாக வெளியே வருவர். வெளிநாடுகளில் உள்ள உறவினரிடம் செல்லும் பெரியவர்களின் நிலையும் இதுவே. இலண்டனிலோ பாரிஸிலோ பத்து நூதனசாலைகள் இருப்பின், புகழ்பெற்ற ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்துவிடுகிறது. எந்த நூதனசாலைக்குப் போவது, போனால் எதைப் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்ற கேள்விகள் எழுவதேயில்லை.

இக்கேள்விகளுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக ஆக்கிய ஒருவர் நம்மவர் என்பதை நாம் மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே இணுவிலைக் கடந்தால் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைக் காணலாம். அதனை 1913இல் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக் குமாரசுவாமி. அந்த முத்துக் குமாரசுவாமியின் ஒரே மகனே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பணியாற்றி, கீழைத்தேயக் கலைகளை மேலைநாட்டவர் பார்க்கும் பார்வையையே மாற்றியவர் அவர்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். கொழும்பு நூதனசாலை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் அதே ஆண்டில்தான். முத்துக் குமாரசுவாமியின் குடும்ப வேர் பருத்தித்துறைப் பகுதியைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்து என்ற பெருமையும், 1874இல் பெற்ற சேர் பட்டமும் அவருக்குரியவை. அரிச்சந்திரன் கதையையும் பௌத்த நூலாகிய சுத்த நிபாதத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் அவர். அவருடைய மனைவி எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1879 மே மாதத்தில், தந்தை காலமானார். தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் நிலம் கேள்விப்பட்ட நிலமாக மட்டுமே இருந்தது.

அவர் கற்றது கலையன்று, நிலவியலும் தாவரவியலும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கு இயக்குநராக 1903இல் வந்தார். தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனிப்பொருள் உலகுக்குத் தெரியவந்தது அவருடைய தேடலால்தான். ஆனால் பாறைகளைத் தேடி மலையகக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணில் பாறைகளோடு வேறு சிலவும் பட்டன. பித்தளை வார்ப்பவர், பாய் பின்னுபவர், தந்தம் செதுக்குபவர், விகாரைச் சுவரில் சித்திரம் எழுதுபவர் ஆகியோரை அவர் கண்டார். அவர்களுடைய கைத்திறன் ஒரு தலைமுறைக்குள் அற்றுப்போகும் நிலையில் இருப்பதையும் கண்டார். இறக்குமதித் துணியும் மலிவான சாயமும் தகரப் பாத்திரமும் அவர்களின் வாழ்வைப் பறித்துக்கொண்டிருந்தன. அவரும் மனைவி எதெலும் ஊர் ஊராகச் சென்று தொழில்முறைகளைக் குறித்துக்கொண்டனர், படம் பிடித்தனர்.

1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். பழைய விகாரைகளையும் கட்டடங்களையும் திருத்துவதாகக் கூறி அழிக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். கவனிப்பாரற்றுக் கிடப்பதால் ஏற்படும் சேதத்தைவிட, பணமும் ஆர்வமும் உள்ளவர்கள் அறியாமையால் செய்யும் திருப்பணியின் சேதம் பெரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மறு ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகி, மேல்நாட்டு நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழியில் கல்வி பெறாத தலைமுறை தன் கலையையும் இழக்கும் என்று எச்சரித்தார். ஆங்கிலத்திலேயே வளர்ந்த ஒருவரிடமிருந்து இக்குரல் எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

இந்தக் கள ஆய்வின் பயனாக 1908இல் வெளிவந்தது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். கையால் இயக்கும் அச்சுப்பொறியில், தம் நேரடி மேற்பார்வையில், 425 பிரதிகள் மட்டுமே அதனை அச்சிடுவித்தார். ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் தந்தையாகிய வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய பொறி அது. கைத்தொழிலைப் போற்றும் நூலைப் பெருந்தொழிற்சாலை அச்சில் வெளியிட அவர் மனம் ஒப்பவில்லை. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கலையின் முதற் பெரும் வரலாற்றை எழுதினார் என்பதை இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் நினைவில் வைத்திருப்பது நன்று.

அடுத்து அவர் இந்தியாவுக்குச் சென்றார். இராசபுத்தானத்திலும் பஞ்சாப் மலைநாடுகளிலும் அலைந்து, அப்போது எவரும் பொருட்படுத்தாத சிற்றோவியங்களைச் சேகரித்தார். 1910–11இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கலைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. சேகரித்த அனைத்தையும் இந்தியாவுக்கே கொடுத்துவிடவும், அவற்றைக் கொண்டு காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கவும் அவர் முன்வந்தார். அதற்கு வேண்டிய கட்டடமும் நிதியும் கிடைக்கவில்லை. செல்வந்தரும் சமஸ்தானாதிபதிகளும் நிறைந்திருந்த நாட்டில் அந்தச் சேகரத்துக்கு ஒரு கூரை அமையவில்லை.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியருக்காகப் படைச்சேவை செய்ய அவர் இணங்கவில்லை. இங்கிலாந்தில் வாழ்வது கடினமாயிற்று. 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையின் புரவலர் டென்மன் ரொஸ் அவருடைய சேகரத்தை வாங்கி நூதனசாலைக்கு வழங்கினார். சேகரத்தோடு சேகரித்தவரும் சென்று, இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். இன்று பொஸ்டனுக்குச் செல்லும் நம்மவர் அங்குள்ள இராசபுத்திர ஓவியங்களைக் கண்டு, இவை எப்படி இங்கு வந்தன என்று வியக்கலாம். கீழைநாட்டுப் பொருட்கள் பல கொள்ளையிடப்பட்டு மேலைநாடு சென்றன என்பது உண்மை. ஆனால் இவை நாம் ஏற்க மறுத்ததனால் சென்றவை.

பொஸ்டனில் அவர் எழுதியவை ஏராளம். சிவநடனம் பற்றிய அவரது கட்டுரை 1912இலேயே வெளியாகியிருந்தது. 1918இல் அதனைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு நூல் நியூயோர்க்கில் வெளிவந்தது. பல கைகள் கொண்ட விக்கிரகங்களை விகாரம் என்று மேலைநாட்டு விமர்சகர் இகழ்ந்த காலம் அது. அத்திருவுருவத்தின் ஒவ்வொரு கையும் எதைக் குறிக்கிறது என்பதைத் தமிழ்ச் சைவ சித்தாந்த நூல்களின் துணைகொண்டு அவர் விளக்கினார். உலக நூதனசாலைகளில் நடராசர் திருவுருவம் இன்று பெறும் மதிப்புக்கு அக்கட்டுரை பெருங்காரணம். 1914இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலத் திருவுருவங்களைப் பற்றியும் அவர் தனிநூல் எழுதியிருந்தார்.

அவருடைய ஆய்வு இந்து, பௌத்தக் கலைகளோடு நின்றுவிடவில்லை. 1206இல் அல்-ஜஸரி என்னும் முஸ்லிம் பொறியியலாளர் அரபு மொழியில் எழுதிய நூல் நீர்க்கடிகாரங்களையும் தாமே இயங்கும் பொறிகளையும் விளக்குவது. அதன் கைப்பிரதி ஒன்றின் ஏடுகள் பிரிக்கப்பட்டுப் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. பொஸ்டனை அடைந்த ஏடுகளை ஆராய்ந்து 1924இல் குமாரசுவாமி நூலாக வெளியிட்டார். 1929இல் பாரசீகச் சிற்றோவியங்கள் அடங்கிய சேகரம் பற்றியும், 1930இல் மொகலாய ஓவியங்கள் பற்றியும் விளக்கப் பட்டியல்களைத் தந்தார். பின்னர் அவர் வகித்த பதவியின் பெயரே இந்திய, பாரசீக, இஸ்லாமியக் கலைகளின் ஆய்வாளர் என்பதாகும். உருவ வழிபாட்டை ஏற்காத மார்க்கத்தின் கலையையும், உருவத்தின் வழியே வழிபடும் சமயத்தின் கலையையும் ஒரே மதிப்போடு அணுக முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

அவருடைய கருத்துகள் யாவும் குறையற்றவை அல்ல. இராசபுத்திர ஓவியத்துக்கும் மொகலாய ஓவியத்துக்கும் இடையே அவர் வரைந்த எல்லைக்கோடு மிகக் கூர்மையானது. இரு மரபுகளின் ஓவியர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றவை அதிகம் என்பதைப் பின்வந்த அறிஞர் காட்டியுள்ளனர். பழைய கைவினைச் சமூகத்தைப் போற்றும்போது, அச்சமூகம் கைவினைஞரைச் சாதியால் கட்டிவைத்த கொடுமையை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. தேர் செய்தவனைத் தேரின் அருகே வரவிடாத ஊர்கள் நம்மிடையே இருந்தன. குமாரசுவாமியைப் படிப்போர் இதனையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

இனி, நூதனசாலை பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்கு வருவோம். தம் வாழ்வின் பெரும்பகுதியை நூதனசாலையில் கழித்த அவரே, அங்குள்ள பொருள் எதுவும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டதன்று என்பதை இடைவிடாது நினைவூட்டினார். விளக்கு ஏற்றுவதற்கும், கிண்ணம் பருகுவதற்கும், திருவுருவம் வழிபடுவதற்கும், ஏடு ஓதுவதற்கும் செய்யப்பட்டவை. அவற்றின் பயனை அறியாமல் அழகை மட்டும் பார்ப்பவன் அழகையும் முழுமையாகப் பார்க்கவில்லை என்பது அவர் நிலைப்பாடு. நூதனசாலையின் தொழில் கற்பித்தலே அன்றிப் பொழுதுபோக்கு அன்று என்றும் அவர் வாதிட்டார். வாழும் கலைஞரின் படைப்புகளை நூதனசாலைகள் வாங்கிக் குவிக்கலாகாது, அவை மக்களின் வாழ்வில் பயன்பட வேண்டும் என்றுகூட அவர் சொன்னார். 1943இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதி, கலைப்பொருளை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது.

1947 ஓகஸ்டில் அவருக்கு 70 வயது நிறைந்தது. இந்தியா விடுதலை பெற்ற மாதம் அது. பணியைத் துறந்து இந்தியாவுக்குத் திரும்பி அமைதியாக வாழ அவர் எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை. 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவில் தம் இல்லத்தில் அவர் காலமானார்.

இந்த வாழ்விலிருந்து சுற்றுலாச் செல்வோர் பெறக்கூடிய வழிகாட்டல் தெளிவானது. புகழைக் கொண்டு நூதனசாலையைத் தேர்வதைவிட, நம் வாழ்வோடு ஏதேனும் ஓர் இழையால் தொடுக்கப்பட்ட பொருள் எங்கே உள்ளதோ அதைத் தேர்வது மேல். கொழும்பு நூதனசாலையையே எடுத்துக்கொள்வோம். அதனைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் கட்டட நிபுணர். அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கவே அது நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது என்று சொல்லப்படுகிறது. உள்ளே, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நிறுவிய கல்வெட்டு உள்ளது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அருகிலேயே பொலனறுவையில் கிடைத்த நடராசர் உள்ளார். அரை மணித்தியாலமே உள்ளதாயின் இவ்விரண்டின் முன்னால் மட்டும் பிள்ளைகளை நிறுத்திக் கதை சொன்னால் போதும். நூறு கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து ஓடுவதைவிட அது பெரும் பயன் தரும்.

கொழும்புக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை அருகிலேயே உள்ளன. யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் நூதனசாலை, நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட்காட்சியகம், கிழக்கே காத்தான்குடியில் முஸ்லிம் மக்களின் வாழ்வைக் காட்டும் நூதனசாலை ஆகியவற்றை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவற்றுக்கும் முன்னால் ஊரில் உள்ளவை இருக்கின்றன. இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மரச்சிற்பக் களஞ்சியம். தைப்பூசத்தன்று முருகப் பெருமான் அதில் எழுந்தருளி வீதி வலம் வருகிறார். செய்யப்பட்ட பயனை இன்றும் நிறைவேற்றிக்கொண்டிருக்கும் கலைப்பொருள் அது. அதனைக் கூர்ந்து பார்த்துப் பழகிய பிள்ளை, இலண்டனிலோ பொஸ்டனிலோ கண்ணாடிக்குள் நிற்கும் மரச்சிற்பத்தைக் கண்டதும் அது எந்த வீதியிலிருந்து பிரிந்து வந்தது என்று கேட்கும்.

இழப்பின் வலியை இம்மண் அறியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1990 ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறைகளாகப் பேணிய பொருட்களை விட்டுச் சில மணித்தியாலங்களில் புறப்பட நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற குர்ஆன் பிரதிகளும் குடும்ப ஆவணங்களும் பித்தளைப் பாத்திரங்களும் எந்த நூதனசாலையிலும் இல்லை. இவை போரால் வந்த இழப்புகள். போர் ஓய்ந்த பின்னர் நாமே விரும்பி ஏற்படுத்தும் இழப்புகளும் உண்டு. வெளிநாட்டுப் பணம் வந்ததும் பழைய கருங்கல் மண்டபம் இடிக்கப்பட்டுச் சீமெந்து எழுகிறது. பழைய பள்ளிவாசலின் மரத்தூண் விறகாகிறது. பாட்டியின் மரப்பெட்டி பழைய சாமான் வியாபாரியிடம் போகிறது. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு எழுதப்பட்ட கடிதம் இன்று நம் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்.

ஆகவே அடுத்த விடுமுறைக்குச் சுற்றுலாவை ஒழுங்குசெய்யும் ஆசிரியர்களும் பெற்றோரும் நூதனசாலைக்கு அரை நாளேனும் ஒதுக்க வேண்டும். போகுமுன் ஊரிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்று கேட்க வேண்டும். திருப்பணிக்கு நிதி சேர்ப்போர், எதையும் இடிக்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். காசியில் ஒரு கூரை கிடைக்காததால் ஒரு சேகரம் கடல் கடந்தது. நம் ஊர்களில் எஞ்சியிருப்பவற்றுக்கு ஒரு கூரையை நாம் இப்போதே அமைப்பதே ஆனந்த குமாரசுவாமிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.